நாற்பது நிமிடக் கதைக்கு ஒரு ராத்திரி கொடுங்கள்

கோவையில் ஆண்டுதோறும் நகர விழா எடுக்கும் அன்பர்களுக்கும், ஓட்டம் நின்ற பழைய மில் கட்டடங்களைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1968 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியான 'எஸ்.எஃப். சாரோ' என்ற ராக் ஆல்பத்தை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்று விடாமல், திரை, ஒளி, ஆட்டம், கதைசொல்லி எல்லாம் சேர்த்து, கோவையில் ஒரு பழைய மில் கூடத்தில் மேடையேற்ற விரும்புகிறோம். அதற்கு உங்கள் விழாவில் ஒரு ராத்திரி வேண்டும். ஒரு கூடம் வேண்டும். ஒத்திகைக்கு அந்தக் கூடத்தின் சாவி சில நாள் எங்கள் கையில் இருக்க வேண்டும். வாசிக்க ஆள் இருக்கிறார்கள். பகலில் பம்ப் கம்பெனியிலும் ஐ.டி. அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு வாடகை அறையில் இந்தப் பாட்டுகளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆல்பத்தின் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். அது உங்கள் குறை இல்லை. ராக் இசையில் ஊறியவர்களிலேயே பலர் இதைக் கேட்டதில்லை. 'தி பிரிட்டி திங்ஸ்' என்ற லண்டன் குழு 1963-ல் தொடங்கியது. அதில் கிட்டார் வாசித்த டிக் டெய்லர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தொடங்கிய காலத்தில் அதில் இருந்து, பிறகு விலகி வந்தவர். பாடியவர் ஃபில் மே. அவர் எழுதி வைத்திருந்த ஒரு சிறுகதையை எடுத்து, 1967 இறுதி முதல் 1968 செப்டம்பர் வரை ஆபி ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் 13 பாட்டுகளாகப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். பீட்டில்ஸின் தொடக்க கால ஆல்பங்களுக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவரும், பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவர்தான்.

கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்பது முழுக்க அந்தக் கதையில்தான் இருக்கிறது.

பெயர் சொல்லாத ஒரு சின்ன ஊர். அங்கே சாதாரணமான ஒரு வீட்டில் செபாஸ்டியன் எஃப். சாரோ பிறக்கிறான். அந்த ஊரில் ஒரு ஆலை இருக்கிறது. கதையில் அதன் பெயரே 'துயர ஆலை'. அவனும் வளர்ந்து அங்கேதான் வேலைக்குப் போகிறான். எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி தினமும் காலையில் அவனுக்கு வணக்கம் சொல்கிறாள். அந்த ஒரு வணக்கத்துக்காகவே அவன் விடிவதற்குக் காத்திருக்கிறான். நிச்சயமும் ஆகிறது. அதற்குள் போர் வருகிறது, படையில் சேர்க்கப்படுகிறான். உயிரோடு திரும்பினாலும் ஊருக்குப் போகாமல், கடல் கடந்து 'அமெரிக்' என்ற நாட்டில் தங்கிவிடுகிறான். அவளையும் அங்கே வரவழைக்கிறான். அவள் வரும் ஆகாயக் கப்பல், இறங்கும் நேரத்தில் அவன் கண் முன்னால் தீப்பிடித்து எரிகிறது. 1937-ல் நியூ ஜெர்சியில் எரிந்துபோன ஹிண்டன்பர்க் கப்பலை மனத்தில் வைத்து எழுதிய இடம் அது. கதையில் அதன் பெயர் 'விண்டன்பர்க்'. இறுதிச் சடங்கோடு ரெக்கார்டின் முதல் பக்கம் முடிகிறது. திருப்பிப் போட்டால், தெருத் தெருவாக அலையும் சாரோவை நெட்டைத் தொப்பி வைத்த ஒருவன் எதிர்கொள்கிறான். பெயர் 'பேரன் சாட்டர்டே'. ஹெயிட்டி நாட்டின் வூடு மரபில் இறந்தவர்களுக்குத் தலைவனாக வரும் தெய்வத்திடமிருந்து எடுத்த உருவம் அது. அவன் சாரோவை அவனுடைய மனத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகிறான். அங்கே கண்ணாடிகள் நிறைந்த அறைகள், பழைய நினைவுகள். பார்த்துவிட்டு வெளியே வரும் சாரோவுக்கு இனி யாரையும் நம்ப முடியவில்லை. முதியவனாகி, தனியாளாகி முடிகிறான்.

எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 40 நிமிடம்.

சரி, இவ்வளவு நல்ல சரக்கு ஏன் போணியாகவில்லை? காரணங்கள் பல சொல்வார்கள். அதே பருவத்தில் பீட்டில்ஸின் வெள்ளை அட்டை இரட்டை ஆல்பம் வந்து எல்லார் காதையும் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் இதை வெளியிட்டது மோடவுன் கம்பெனியின் 'ரேர் எர்த்' என்ற பிரிவு. அங்கே ரெக்கார்ட் கடைக்கு வந்தபோது 1969-ல் பாதி ஆண்டு ஓடிவிட்டது. அதற்குள் மே மாதத்தில் 'தி ஹூ' குழுவின் 'டாமி' வந்து, ஒரே கதையை ராக் பாட்டுகளாகவே சொல்லும் 'ராக் ஆபெரா' என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. முந்திப் பிறந்ததை, பிந்திப் பிறந்ததன் நகல் என்று அங்கே எழுதினார்கள்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆல்பத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்த எங்களுக்கு, இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு காரணம் தெரிகிறது. கதை பாட்டில் இல்லை. அட்டையில் இருந்தது. பாட்டு வரிகளுக்கு இடையே சிறு சிறு பத்திகளாகக் கதையை அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தபடி கேட்டால் எல்லாம் விளங்கும். ரேடியோவில் கேட்டவனுக்கும், நண்பன் வீட்டில் கேட்டவனுக்கும் அது 13 தனித்தனிப் பாட்டு, அவ்வளவுதான். யார் இந்தப் பெண், எதற்கு எரிகிறது இந்தக் கப்பல், தொப்பிக்காரன் எங்கிருந்து வந்தான் என்று ஒன்றும் புரிந்திருக்காது. கதை சொல்ல ஒரு வாய் இல்லாமல் போன கதை இது.

மேடைக்கும் அப்போதே கொண்டுபோக முயன்றார்கள். நான்கு டிராக் இயந்திரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிப் பதிவு செய்த இசை அது. சித்தார் ஒரு பக்கம், அடுக்கடுக்கான குரல்கள் ஒரு பக்கம், மெலட்ரான் ஒரு பக்கம். மெலட்ரான் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும், கட்டையை அழுத்தினால் அந்த நாடா எட்டு விநாடி ஓடும், புல்லாங்குழலோ வயலினோ கேட்கும். இதையெல்லாம் ஐந்து பேர் மேடையில் வாசிக்க அன்று வழியில்லை. அதனால் 1969 தொடக்கத்தில் லண்டனில் பதிவான இசையை ஓடவிட்டு, அதற்கு ஊமை நடிப்பாகச் செய்து காட்டினார்கள். மறுபடியும் கதைக்குக் குரல் கிடைக்கவில்லை.

குரல் கிடைக்க 1998 வரை ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில், ஆல்பம் பிறந்த அதே ஆபி ரோடு ஸ்டூடியோவில் பழைய குழு ஒன்றுகூடி முழு ஆல்பத்தையும் வாசித்தது. அதை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் வந்து கிட்டார் வாசித்தார். ஆர்தர் பிரவுன் என்ற பாடகர் பாட்டுகளுக்கு நடுவே கதையைச் சொன்னார். அந்தப் பதிவைக் கேளுங்கள். முப்பது வருடமாகப் பிரிந்து கிடந்த பாட்டுகள் ஒரு மனுசன் பேசிய மாத்திரத்தில் ஒரு கதையாகச் சேர்ந்துவிடுகின்றன. ஃபில் மே 2020 மே மாதம் காலமானார். அவர் எழுதிய கதையை அடுத்த தலைமுறை தன் கையில் எடுத்து வாசித்தால்தான் இனி அது மேடையில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் கொங்கு நாட்டுக்கு வேலை இருக்கிறது என்கிறோம்.

பாட்டும் வசனமும் மாறி மாறி வர, ஒரு பெரிய கதையை ராத்திரி ராத்திரியாகச் சொல்லும் வித்தையை நம் உடுக்கடிப் பாட்டுக்காரர்களைவிட அறிந்தவர்கள் யார்? பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையான அண்ணன்மார் சாமி கதையை அவர்கள் சொல்லும்போது கவனித்தால் தெரியும். ஒருவர் உடுக்கையோடு பாடுவார், ஒருவர் பின்பாட்டு. பாட்டில் பெண் அழுவாள்; பாட்டு நின்றதும் வசனத்தில் அவள் எந்த ஊர், யார் மகள், என்ன நடந்தது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். கூட்டத்தில் நடுவில் வந்து உட்கார்ந்தவனுக்கும் கதை விளங்கும்படி முன்கதையை ஒரு வரியில் தொட்டுக்கொண்டு போவார்கள். 1965-ல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் இந்தக் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் அதையே 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். உடுக்கைப் பாட்டு திரையில் ஓடும் படமாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் திட்டம் இதுதான். பாட்டுகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கதைசொல்லி வந்து, உடுக்கையைத் தொட்டு, கொங்குத் தமிழில் கதையைச் சொல்வார். செபாஸ்டியனைச் செல்லமுத்து ஆக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அவன் ஊர் இங்கிலாந்தில்தான் இருக்கும், அவன் ஆலை அங்கேதான் புகையும். தூர தேசத்து ராஜா ராணிக் கதையைக் கேட்டு அழுத கூட்டம் நம் கூட்டம். ஒரு வெள்ளைக்கார ஆலைத் தொழிலாளி நமக்கு அந்நியமாகிவிட மாட்டான்.

அதிலும் இந்த ஊருக்கு. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய நாளிலிருந்து, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய காலம் வரை, இந்த நகரத்தின் பொழுது சங்குச் சத்தத்தில்தான் விடிந்தது. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வீடே மூன்றாகப் பிரிந்து தூங்கிய குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8-ம் தேதி தூக்கிலிடப்பட்ட ஊர் இது. 2020 பொதுமுடக்கத்தில் நின்ற தேசிய பஞ்சாலைக் கழக மில்களின் தொழிலாளர்கள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். 'துயர ஆலை' என்ற சொல் மேடையில் விழும்போது, இந்த ஊரில் கேட்பதுபோல லண்டனில்கூடக் கேட்டிருக்காது.

பல்லூடக நிகழ்ச்சி என்றால் ஏதோ இன்று நேற்று வந்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் நம் கோவைக்காரர். 1914-ல் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பெயரில்தான் இன்னமும் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் வாத்தியம் வாசிப்பார்கள், ஒருவர் நின்று கதை சொல்வார். திரை, நேரடி இசை, கதைசொல்லி. நாங்கள் கேட்பதும் இந்த மூன்றையும்தான்.

இப்போது எந்தப் பாட்டில் என்ன செய்வது என்று கொஞ்சம் சொல்கிறேன். எல்லாவற்றையும் எழுதினால் மடல் நீளும்.

இரண்டாவது பாட்டு 'பிரேஸ்லெட்ஸ் ஆஃப் ஃபிங்கர்ஸ்'. பையன் வாலிபனாகும் பாட்டு. வாத்தியமே இல்லாமல் குரல்களின் அடுக்கில் தொடங்கி, மூன்று மூன்றாக எண்ணும் மும்மை நடையில் ஆடிக்கொண்டு போகும். கும்மியின் நடையும் அதேதான். எங்கள் அறையில் இதை ஒலிக்க விட்டு, வள்ளி கும்மி பழகும் ஒரு பெண் அடி வைத்துப் பார்த்தார். முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாறினார். பாட்டில் சுதி மாறும் இடத்தை அடையாளம் பிடித்ததும், அடுத்த சுற்றில் கைதட்டு டிரம்ஸின் முதல் அடியோடு பொருந்தி விழுந்தது. வள்ளி கும்மி இப்போது கொங்கு நாடெங்கும் ஊருக்கு ஊர் பழகப்படுகிறது. மேட்டுப்பாளையம் பக்கம் வாழ்நாளெல்லாம் அதைக் கற்றுக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரிய வட்டமாக ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை, இடம்தான் வேண்டும். அதனால்தான் மேடை வேண்டாம், கூடம் வேண்டும் என்கிறோம்.

ஏழாவது பாட்டு 'பேரன் சாட்டர்டே'. நடுவில் பாட்டு நின்றுபோய், தாளக் கருவிகள் மட்டும் கொட்டும் ஒரு இடம் வரும். நம் துடும்பு மேளத்துக்கு என்றே விட்டு வைத்ததுபோல இருக்கும். எங்கள் டிரம்மர் கோயில் நோம்பிகளில் துடும்பு அடிக்கும் குழுவிடம் போய்ப் பேசியிருக்கிறார். அவர்களுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டியபோது, அந்தக் குழுவின் பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு, "இந்த எடத்துல நாங்க உள்ள வாறம், நீங்க நிறுத்திருங்க. நாங்க முடிச்சுக் கை காட்டுனா மறுக்கா ஆரம்பிங்க" என்றார். இசை இயக்கம் அவ்வளவுதான். எத்தனை சுற்று என்று எழுதி வைக்கப் போவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போர்க்களப் பாட்டுக்கு, அண்ணன்மார் போரில் விழுவதைக் கோயிலில் நிகழ்த்தும் படுகளத்தைக் கொண்டுவரலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கூடாது. அது சாமி காரியம், கோயிலோடு இருக்க வேண்டியது. உடுக்கையிலும் எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்று பாட்டுக்காரர்கள் சொல்வதே முடிவு. அவர்களை அலங்காரத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தும் வேலையை நாங்கள் செய்ய மாட்டோம். போஸ்டரில் அவர்கள் பெயர் குழுவின் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்கும், சம்பளமும் எங்களுக்கு என்னவோ அதுவே அவர்களுக்கும்.

கடைசிப் பாட்டு 'லோன்லியஸ்ட் பெர்சன்'. ஒரு கிட்டார், ஒரு குரல். ஒன்றரை நிமிடம்கூட வராது. அங்கே திரையை அணைத்துவிடுவோம். புரொஜெக்டர் இருக்கிறதே என்பதற்காக எல்லாப் பாட்டிலும் படம் ஓட்டினால், கேட்க வந்தவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

கூடத்தைப் பற்றி. மில்காரர்களே, உங்கள் பழைய கூடங்களின் ரம்பப் பல் கூரையை நீங்கள் தினமும் பார்த்துப் பழகியிருப்பீர்கள். கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கியிருக்கும். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும்படி கட்டியது. அந்தக் கண்ணாடி வரிசைக்குப் பின்னால் விளக்கு வைத்தால், கூடம் முழுக்க விடிவதையும் இருட்டுவதையும் காட்டலாம். காலை வணக்கம் சொல்லும் பெண்ணின் பாட்டுக்கு வேறு செட் எதற்கு? நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் கழற்றப்பட்ட கூடங்களில் தரைக்கு அடியில் காற்றுப் பாதைக் குழிகள் இருக்கும். உறுதியான மூடி போட்டுவிட்டால் அதற்குள்ளேயே கேபிள் இழுத்துவிடலாம், யார் காலும் தடுக்காது.

குறையும் உண்டு. சிமெண்டுத் தரை, ஓங்கிய சுவர். கைதட்டினால் ஒலி அடங்க நேரமாகும். ராக் இசை அதில் கூழாகிவிடும். இதற்கு நாங்கள் கண்ட வழி பவானி ஜமுக்காளம். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால், கனமான பருத்தி நடு ஒலியையும் மேல் ஒலியையும் நன்றாக உறிஞ்சும். அடி ஒலிக்கு அது போதாது. பேஸையும் டிரம்ஸையும் நாங்கள்தான் அடக்கி வாசிக்க வேண்டும். முன்னால் இரண்டு மலை போல ஸ்பீக்கர் அடுக்குவதற்குப் பதில், கூடத்தின் நீளத்துக்கும் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களாக வைக்கலாம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும் என்பதால் 34 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கடைசி வரிசைக்கும் உடுக்கையின் சத்தம் மேடையிலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

திரைக்கு எல்.இ.டி. சுவர் வேண்டாம். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண்ணையே மங்க வைக்கிற வெளிச்சம் அது. சோமனூர், பல்லடம் தறிகளில் ஓடும், வெளுக்காத காடா துணியை மூன்று அடுக்காகத் தொங்கவிட்டு, அதன்மேல் புரொஜெக்டர் அடித்தால், படம் முதல் துணியில் விழுந்து கசிந்து அடுத்த துணியிலும் லேசாகத் தெரியும். பின்னால் ஆடுகிறவர்களின் நிழலும் சேரும். கண்ணாடி அறைப் பாட்டுக்கு இதைத்தான் நம்பியிருக்கிறோம். தீப்பிடிக்கும் பாட்டில் நிஜத் தீ ஒரு பொறிகூட இருக்காது. பஞ்சுத் தூசி உத்தரத்தில் படிந்திருக்கும் கட்டடத்தில் அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முன் உத்தரம் வரை தூசி எடுத்து, காடா துணிக்குத் தீத்தடுப்பு மருந்து பூசி, தீயணைப்புத் துறை வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் டிக்கெட் விற்போம்.

படமும் இசையும் எப்படி ஒன்றாக ஓடும் என்று கேட்பீர்கள். வழக்கமான முறை, டிரம்மர் காதில் ஒரு டிக் டிக் சத்தத்தை ஓடவிட்டு, அதே கணினியிலிருந்து படத்தையும் விளக்கையும் இழுப்பது. பெரிய குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. இந்த ஆல்பத்துக்கு அது ஒத்து வராது. 1968-ல் டிக் சத்தம் வைத்துப் பதிவு செய்யவில்லை; வேகம் பாட்டுக்குள்ளேயே கூடும், குறையும், உயிர் அங்கேதான் இருக்கிறது. துடும்புக்காரர்கள் கை காட்டினால்தான் முடியும் என்ற ஏற்பாட்டில் கணினி என்ன செய்யும்? அதனால் படங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்து, பாட்டை மனப்பாடமாக அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் மாற்றுவார். அவரும் குழுவில் ஒருவர்தான், அவர் வாசிக்கும் வாத்தியம் அது.

உரிமை விஷயத்தில் எங்களுக்கு உங்கள் பெயர் தேவைப்படுகிறது. ஒரு பாட்டை மேடையில் பாட இந்தியாவில், பாட்டெழுதியவர்கள், இசையமைத்தவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் வாங்கினால் பொதுவாகப் போதும். ஆனால் பாட்டுகளைக் கோத்து, வேடமும் கதையுமாக நாடகம்போல் செய்தால், பாட்டின் வெளியீட்டு உரிமை வைத்திருப்பவர்களிடமே நேராக அனுமதி கேட்க வேண்டும். அட்டையில் உள்ள கதையைத் தமிழில் சொல்வதற்குத் தனி அனுமதி. படம் பிடித்து இணையத்தில் போட இன்னொன்று. இதையெல்லாம் வாடகை அறையில் வாசிக்கும் ஐந்து பேர் எழுதிக் கேட்டால் பதில் வர எத்தனை காலமாகுமோ. ஒரு நகரத்தின் விழாக் குழு தன் கடிதத்தாளில் எழுதினால் அதற்கு வேறு மரியாதை. அனுமதி வராமல் ஒரு டிக்கெட்கூட விற்கக் கூடாது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

நம்ம ஊர் விழாவில் வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு என்று கேட்பார்கள். உங்கள் கூட்டத்திலேயே கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் கல்லூரி விழாக்களில் ஆண்டுக்காண்டு இங்கிலீஷ் ராக் வாசிக்கத்தான் செய்கிறார்கள், எல்லாரும் அறிந்த நாலு பாட்டை, எல்லாரும் வாசிக்கிற மாதிரியே. ஒரு நிகழ்ச்சியில் இந்த ஆல்பத்தை முழுதாக வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, "ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா பார்த்துப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். தெரிந்ததையே திரும்பப் போட்டால் நம் பிள்ளைகள் ஒரு முழு ஆல்பத்தின் கட்டுமானத்தை எப்போது கற்பார்கள்? எந்தப் பாட்டில் கதை நகர வேண்டும், எதில் நிற்க வேண்டும், ஒரு சுதியில் முடிந்ததை அடுத்த பாட்டு எங்கே எடுக்க வேண்டும் என்பதெல்லாம் வாசித்துத்தான் பிடிபடும். எங்களுக்கு ஆசை இதோடு நிற்கவில்லை. இந்த ராத்திரியில் உடுக்கைக்காரரும் கிட்டார்காரனும் ஒருவருக்கு ஒருவர் காது கொடுக்கப் பழகிவிட்டால், அடுத்ததாக இந்த ஊர் மில் தொழிலாளியின் கதையைத் தமிழிலேயே ஒரு முழு ஆல்பமாகச் செய்ய முடியும். அதற்குத் துணிவு வர முதலில் நன்றாகக் கட்டப்பட்ட ஒன்றைப் பிரித்து மாட்டிப் பார்க்க வேண்டும்.

மில்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முன்வரிசை இலவசமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. அவர்களிடம் பழைய போட்டோக்கள் இருக்கும்: ஷிப்ட் முடிந்து கேட்டில் நிற்கும் கூட்டம், கேண்டீன், யூனியன் கொடியேற்றம். கொடுக்க மனமிருப்பவர்கள் கொடுத்தால், நிகழ்ச்சி தொடங்கும் முன் கூடத்துக்கு வெளியே சுவரில் அவற்றைக் காட்டலாம். சாரோவின் கதைக்குள் அவற்றைக் கலக்க மாட்டோம்.

இனி உங்களிடம் கேட்பது. விழாக் குழுவினர் இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் முடிவாகும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எங்கள் அறைக்கு வந்து முதல் பக்கத்து ஆறு பாட்டுகளைக் கதைசொல்லியோடு கேளுங்கள். நீங்கள் வரத் தோதில்லை என்றால் நீங்கள் சொல்லும் இடத்துக்கு நாங்கள் வருகிறோம். மில் நிர்வாகத்தினர், காலியாக இருக்கும் ஒரு கூடத்தை எங்கள் சவுண்ட் இன்ஜினியரும் ஒரு கட்டடப் பொறியாளரும் ஒரு நாள் சுற்றிப் பார்க்க அனுமதியுங்கள். கூரை தாங்காது, வழி போதாது என்று பொறியாளர் சொன்னால் அத்தோடு விட்டுவிட்டு வேறு கூடம் பார்ப்போம். உரிமைக்கான கடிதம் மட்டும் இப்போதே போக வேண்டும், அதற்குத்தான் மாதக் கணக்கில் ஆகும். கடிதத்தின் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறோம். பார்த்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிங்காநல்லூரிலிருந்து, குழுவினர் சார்பில் பேஸ் கிட்டார் வாசிப்பவன்